பத்து மா, அரை வேலி, மூன்று ஏக்கர்: கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிகிற சமயத்தில், தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்டுக்காகப் படிவங்களோடு ஊர்களுக்குக் கிளம்புகிறார்கள். திரும்பி வந்ததும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" என்பதுதான். டெஸ்ட் என்று அவர்கள் சொல்வது புள்ளியியல் சோதனையை. சூத்திரத்தில் தப்பு செய்கிறவர்கள் குறைவு. அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. தப்பு அதற்கு முன்னாலேயே, திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட இடத்திலேயே நடந்துவிடுகிறது. அதை எந்த டெஸ்டாலும் சரிசெய்ய முடியாது.

ஒரு மாணவியின் எக்செல் தாளில் 'நிலம்' என்ற பத்தியில் 10, 0.5, 3 என்று அடுத்தடுத்து இருந்தது. காகிதப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். ஒருவர் "பத்து மா" என்று சொல்லியிருக்கிறார், அடுத்தவர் "அரை வேலி", மூன்றாமவர் "மூணு ஏக்கர்". நம் பக்கத்துக் கணக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய மூன்று மா ஒரு ஏக்கர். அப்படியானால் முதல் இரண்டு பேருக்கும் ஒரே அளவு நிலம். மூன்றாமவருக்கு ஒரு மா குறைவு, அவ்வளவுதான். எக்செல்லிலோ முதல் ஆள் இரண்டாமவரைப் போல இருபது மடங்கு நிலக்காரர். சராசரி 4.5 என்று வந்தது. 4.5 என்ன? மாவா, வேலியா, ஏக்கரா? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு பத்தியில் எழுதுங்கள். மாற்றிய அளவைப் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

அதே தாளில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. விசாரித்தால், அவை நிலமில்லாத வீடுகள். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாது, அந்த வீட்டையே கணக்கிலிருந்து தள்ளிவிடும். இருபது வீட்டில் பத்து வீட்டுக்கு நிலமில்லை என்றால், ஊரின் சராசரி நிலம் இரண்டு மடங்காகத் தெரியும். விவசாயக் கூலிகள் இவ்வளவு பேர் வாழும் டெல்டாவில், இந்தத் தப்பு அவர்களையே ஆய்விலிருந்து அழித்துவிடுகிறது. 'இல்லை' என்பது வேறு, 'சொல்லவில்லை' என்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும்.

சரி, பூஜ்யத்தையும் சேர்த்தாயிற்று. அப்புறமும் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். உதாரணத்துக்குப் பத்து வீடு. ஒன்பது வீட்டில் ஆளுக்கு ஒரு ஏக்கர், பத்தாவது வீட்டில் நாற்பது ஏக்கர். சராசரி 4.9 ஏக்கர். அந்த ஊரில் 4.9 ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் ஒரு ஏக்கர். அதுதான் இடைநிலை. நிலம், வருமானம், கடன் பற்றியெல்லாம் எழுதும்போது இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

கேள்விகளில் எனக்கு அதிகம் உறுத்துவது 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்பது. குறுவை, சம்பா, தாளடி என்று போகம் பார்த்து வாழும் வீட்டில் மாதம் ஏது வருமானம்? வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்லி உங்களை அனுப்பிவைப்பார்கள். போகம் போகமாகக் கேளுங்கள்: எத்தனை மூட்டை, என்ன விலை, என்ன செலவு. 'விவசாயியா?' என்று கேட்பதும் போதாது. பட்டா ஒருவர் பேரில் இருக்கும், வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் வேறொருவராக இருப்பார். 'தண்ணீர் தாமதமா வந்து நஷ்டம்தானே?' என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். பதிலைக் கேள்வியே சொல்லிவிட்டதே.

யாரைக் கேட்டீர்கள் என்பது இதைவிடப் பெரிய விஷயம். 384 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பெரிய மக்கள்தொகையில் 95 சதவீத நம்பிக்கையோடு, கூடக் குறைய 5 சதவீதப் பிழைக்குள் நிற்க 384 பேர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கலில் எடுத்த 384 பேருக்குத்தான் அது பொருந்தும். பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடையிலும் பிடித்த 384 பேருக்குப் பொருந்தாது. காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனால் நடவுக்கும் களைக்கும் போன பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவுக்கு நடக்கச் சோம்பல்பட்டால், அந்தத் தெருவே ஆய்வில் இருக்காது. வீட்டில் பெண் இருந்தாலும், "அவுககிட்டயே கேட்டுக்கங்க" என்று உள்ளே போய்விடுவார். அதற்காகக் கணவர் சொன்னதைப் பெண்ணின் கருத்தாக எழுதிவிடாதீர்கள். சாயங்காலம் ஒரு பெண் தோழியோடு திரும்பப் போங்கள். பாபநாசம் பக்கத்து மூன்று ஊரில் எடுத்துவிட்டு 'காவிரி டெல்டா விவசாயிகள்' என்று தலைப்புப் போடுவதும் கூடாது. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர் வாழ்க்கை வேறு.

கடைமடை என்றதும் இன்னொன்று. பம்ப்செட் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிகம் பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று தரவு காட்டலாம். உடனே பம்ப்செட்தான் படிக்க வைத்தது என்று எழுதிவிடுகிறார்கள். நிலம் கூடுதலாக உள்ளவர்தான் போர் போடுகிறார், அவர்தான் ஃபீஸும் கட்டுகிறார். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு என்பதால், காசு இருந்தாலும் போர் போட்டுப் பயனில்லாத ஊர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறினால், இரண்டையும் ஏற்றிவிடும் மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

டெஸ்ட் போட்டதும் கிடைக்கும் பி மதிப்பு (p-value) 0.03 வந்தால் 'என் கருதுகோள் 97 சதவீதம் உண்மை' என்று எழுதுவதும் தப்பு. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தெரிய நூற்றில் மூன்று வாய்ப்பு; அவ்வளவுதான் அதற்குப் பொருள். இருபது டெஸ்ட் போட்டால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒன்று, வழக்கமாக எல்லையாக வைக்கும் 0.05க்குக் கீழே வருவது சகஜம். அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்ற பத்தொன்பதை மறைக்கக் கூடாது.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்தார். அதில் நம் பாலக்குறிச்சியும் ஒன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்து ஊர். இருபது வருடம் கழித்து வேறு ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பப் போய் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உங்கள் ஊருக்கும் ஒருநாள் யாராவது அப்படிப் போகலாம். அவர்களுக்காக ஒரு நோட்டுப் போடுங்கள்: எந்தத் தேதி, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தபோது கேட்டீர்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது, ஒரு மா என்றால் அந்த ஊரில் எத்தனை குழி.