விளக்குச் சுற்றின் பழைய எம்சிபியை மாற்றும் முறை

விளக்கு, விசிறிகளுக்கான சுற்றில் உள்ள எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து சுற்றைத் துண்டிக்கும் சிறு சுவிட்சு), சுவருக்குள் குழாயில் ஓடும் வயரைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. நெம்புகோலை மேலே தள்ளினால் நிற்காமல் விழுவது, உறை கருகியிருப்பது, தொட்டால் சுடுவது, உள்ளிருந்து இரைச்சல் வருவது ஆகியவை அது பழுதாகியிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறது, அதாவது தானே விழுகிறது, என்பதை மட்டும் வைத்து மாற்ற முனைவது சரியன்று. அந்தச் சுற்றின் சுவிட்சுகள் அனைத்தையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும்போது, குறிப்பிட்ட ஒரு சுவிட்சில் மட்டும் ட்ரிப் ஆனால், குறை அந்த விளக்கிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. எம்சிபி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

வயரிங்கில் மாற்றமோ பழுதுபார்ப்போ செய்வது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் பணி என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் கூறுகின்றன. திறனை மாற்றாமல் பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை மாற்றுவதற்கே விலக்கு உண்டு. ஆகவே, இங்கே சொல்லப்படும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்விப்பதே முறை. எனினும், அவர் செய்வதைச் சரிபார்க்கும் அறிவு வீட்டுக்காரருக்கும் வேண்டும்.

புதிய எம்சிபியின் ஆம்பியர் அளவை வயரின் பருமனை வைத்தே தீர்மானிக்க வேண்டும். 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓடும் விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர் போதும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட்டைத் தாங்கும். 9 வாட் எல்இடி பல்புகள் பத்தும் 75 வாட் விசிறிகள் நான்கும் சேர்ந்தாலும் 400 வாட்டைத் தொடுவதில்லை. ட்ரிப் ஆகாமல் இருக்கட்டும் என்று 16 ஆம்பியரை மாட்டிவிடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. குறிப்பிட்ட அளவைப் போல 1.45 மடங்கு மின்சாரம் பாயும்போது ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதே எம்சிபிக்கான தரவிதி. அப்படியானால், 16 ஆம்பியர் எம்சிபியின் வழியே 23.2 ஆம்பியர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பாயக்கூடும். அதற்குள் மெல்லிய வயரின் காப்புறை அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுவிடக்கூடும். வகையைப் பொறுத்தவரை, எல்இடி விளக்குகள் பல ஒன்றாகப் போடப்படும் நொடியில் மின்சாரம் திடீரென்று எகிறுவதால், இத்தகைய எகிறலுக்கு எளிதில் விழும் பி வகை தேவையில்லாமல் விழும் இடங்களில், அதைக் கூடுதலாகத் தாங்கும் சி வகை பொருந்தும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதை, எம்சிபிகள் உள்ள பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தின் தயாரிப்பாகவே வாங்கினால், அவற்றை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பார் சரியாகப் பொருந்தும்.

அடுத்தது மின்சாரத்தை நிறுத்துவது. அவசரமே கூடாத கட்டம் இதுதான். மெயின் சுவிட்சை அணைத்து, மீட்டருக்குப் பின் நம் பக்கத்தில் உள்ள பியூஸ் கட்டையைக் கழற்றி, வேலை செய்பவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு முன்னால் மின்வாரியம் சீல் வைத்த பகுதியைத் தொடக் கூடாது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைக்கப்படுவது பெரும்பாலும் விளக்குச் சுற்றில்தான் என்பதால், மெயினை அணைத்த மறுகணமே அது பேட்டரியிலிருந்து அதே வயருக்கு 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டைத் துண்டிக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஐசொலேட்டரை (பெட்டி முழுவதற்குமான சுவிட்சு) மட்டும் அணைத்தால், அதற்கு வந்து சேரும் வயரின் முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. மல்ட்டிமீட்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்து, பிறகு எம்சிபியின் இரு முனைகளையும் நியூட்ரலோடும் எர்த்தோடும், நியூட்ரலை எர்த்தோடும் அளந்து, எங்கும் மின்சாரம் இல்லை என்று கண்டபின், மீண்டும் முதலில் அளந்த இடத்திலேயே மீட்டரைச் சோதிக்க வேண்டும்.

இனி வேலை எளிது. பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு, வயர்களுக்கு அடையாளம் ஒட்டி, திருகுகளைத் தளர்த்தி, எம்சிபியின் அடியிலுள்ள கொக்கியைத் திருப்புளியால் இழுத்தால் அது மாட்டப்பட்டிருக்கும் உலோகத் தண்டவாளத்திலிருந்து கழன்று வரும். எல்லா எம்சிபிகளையும் இணைக்கும் பஸ்பார் இருந்தால், மற்றவற்றின் திருகுகளையும் தளர்த்த வேண்டியிருக்கும். கடைசியில் அவை அனைத்தையும் மறவாமல் முறுக்க வேண்டும். கம்பியின் நுனி கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிச் சீவுங்கள். பழைய வீடுகளில் அலுமினியக் கம்பி வந்தால், அதை அப்படியே மாட்டுவதைவிட வயரை மாற்றுவது பற்றி யோசிப்பது நல்லது. கம்பியை முனைக்குள் முழுவதும் நுழைக்க வேண்டும். காப்புறை திருகுக்கு அடியில் சிக்கவோ, இழைகள் வெளியே துருத்தவோ கூடாது. எம்சிபியின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள முறுக்கு அளவுக்கு (டார்க்) திருகை இறுக்கிய பின், ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகுதான் பெட்டிகள் கருகுவதற்கு வழக்கமான காரணம்.

மூடியைப் பொருத்திய பிறகே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, மெயின், எம்சிபி, விளக்குகள் என்ற வரிசையில் போட வேண்டும். ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரை மீண்டும் இணைத்து, மெயினை அணைத்து, விளக்குகள் அதில் எரிவதையும் உறுதிசெய்ய வேண்டும். எல்லா விளக்குகளும் விசிறிகளும் ஒரு மணி நேரம் ஓடிய பின் எம்சிபியின் முகப்பில் புறங்கையை வைத்துப் பார்க்கும்போது, பக்கத்து எம்சிபிகளைவிட அது தெளிவாகச் சூடாக இருந்தால், மின்சாரத்தை மீண்டும் முறைப்படி நிறுத்தி, அதன் திருகுகளைத் திரும்பச் சோதிக்க வேண்டும்.