லிப்போசோம் செல்லில் ஒட்டுகிறதா? ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மூன்று முறை கழுவிய பிறகும் செல்கள் சிவப்பாக ஒளிர்ந்தன, எனவே லிப்போசோம் ஒட்டியுள்ளது." எம்.எஸ்சி. புராஜெக்ட் அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. ஒளிர்வது சாயம்தான். சாயம் இருக்கும் இடத்தில் லிப்போசோமும், அதாவது கொழுப்பு ஜவ்வால் ஆன நுண்குமிழும், இருக்கிறதா என்பதைத் தனியே காட்டியாக வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

முதலில் சாயத் தேர்வு. குட்டை வாலுள்ள சி6-என்பிடி-பிசி போன்ற சாயக்கொழுப்பு லிப்போசோமை விட்டுக் கழன்று, சில நிமிடங்களில் செல்லின் ஜவ்வுக்குத் தாவிவிடும். லிப்போசோம் ஒன்றுகூட ஒட்டாமலே செல் பளபளக்கும். தலைப்பகுதியில் சாயம் கோத்த, இரண்டு நீண்ட வால்களும் உள்ள ரோடமின்-பிஇ அப்படி எளிதில் கழலாது. மொத்தக் கொழுப்பில் 0.5 மோல் சதவீதம் போதும். "நன்றாகத் தெரியட்டும்" என்று அளவைக் கூட்டினால் சாய மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை ஒன்று அணைத்து, சிக்னல் குறையவே செய்யும்.

இன்னும் உறுதியான வழி இரட்டைச் சாயம்: ஜவ்வில் சிவப்பு ரோடமின், உள்ளே பச்சைக் கால்சீன். வெளியே மிஞ்சிய கால்சீனை, பெரிய குமிழையும் சிறிய சாய மூலக்கூறையும் பிரிக்கும் செபடெக்ஸ் ஜி-50 காலத்தில் (column) ஓட்டி நீக்கிவிடுங்கள். பிறகு லிப்போசோமையும், கழுவிய செல்களையும் தனித்தனியே ஜவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற 1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 கொண்டு உடைத்து, இரண்டு நிறங்களையும் அளவிடுங்கள். உடைக்காமல் அளந்தால் உள்ளே செறிவாக அடைந்திருக்கும் கால்சீன் தன் ஒளியைத் தானே மறைத்துக்கொள்ளும். லிப்போசோமில் சிவப்பு-பச்சை விகிதம் 4:1 என்று வைத்துக்கொள்வோம். செல்லிலும் 4:1 வந்தால் முழுக் குமிழாகவே வந்து சேர்ந்திருக்கிறது. 12:1 வந்தால் ஜவ்வுச் சாயம் மட்டும் தாவியிருக்கிறது, அல்லது குமிழ் கசிந்து உள்ளடக்கம் போய்விட்டது. இரண்டுமே "ஒட்டியது" என்று எழுதத் தகுந்தவை அல்ல.

அடுத்தது, ஒட்டியதையும் உள்ளே போனதையும் குழப்பிக்கொள்வது. 37 டிகிரியில் செல் குமிழ்களை விழுங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டுதலை மட்டும் பார்க்க 4 டிகிரி வேண்டும். செல் வளரும் குழிகள் (வெல்) உள்ள பிளேட்டை முன்கூட்டியே 20 நிமிடம் குளிரவைத்து, நொறுக்கிய ஐஸ் பரப்பிய உலோகத் தட்டின் மேல் வையுங்கள். நம் சேலத்தில் ஏப்ரல், மே மாத அறையில் இது சொல்வதுபோல் எளிதல்ல. மேசை மேல் விட்ட பஃபர் பாட்டில் சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். அதைக் கொண்டு கழுவினால் விழுங்குவது மறுபடி தொடங்கிவிடும். கழுவும் பஃபரும் ஐஸிலேயே இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்கு வெளியே பைகார்பனேட் மீடியத்தின் பிஎச் ஏறும் என்பதால், பிஎச்சை நிலையாக வைக்கும் 20 மில்லிமோலார் ஹெப்பஸ் பஃபர் உள்ள மீடியத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஆனால் 4 டிகிரி குமிழையும் மாற்றும். டிஎம்பிசி ஏறக்குறைய 24 டிகிரியில் உருகும் கொழுப்பு. சேலத்துக் கோடை அறையில் அதன் ஜவ்வு திரவம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1,500 மீட்டர் உயர ஏற்காட்டின் குளிர்கால அறைக்குப் போனால் ஜெல். ஒரே குப்பி, இரண்டு நடத்தை. உருகுநிலையைக் கடக்கும்போது ஜவ்வில் இடைவெளி விழுந்து சாயம் கசியும். 4 டிகிரியில் சோதிப்பதானால், அங்கும் திரவமாகவே இருக்கும் டிஓபிசி கொழுப்பை எடுங்கள். 30 முதல் 40 மோல் சதவீதம் கொலஸ்ட்ரால் சேர்த்தால் கசிவும் குறையும். டிபிபிசி என்ற கொழுப்பானால் உருகுநிலை 41 டிகிரி. குமிழ்களை ஒரே அளவாக்க 100 நானோமீட்டர் ஃபில்டரில் அழுத்தித் தள்ளும்போது, அந்தக் கருவியின் உலோக பிளாக்கை 50 டிகிரிக்குச் சூடாக்கியே ஆக வேண்டும். சேலத்து வெயிலை நம்பினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள் உள்ள ஊர் சேலம். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரில் முடித்துக் காயவைத்த கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். பாஸ்பாட்டிடைல் செரின் போன்ற எதிர்மின் கொழுப்புள்ள குமிழ்களைக் கால்சியம் ஒன்றோடொன்று திரள வைக்கும். அந்தத் திரள் செல் மேல் படிந்தால் அபாரமான ஒட்டுதல்போலத் தெரியும்.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, குமிழ் செல்லை எட்டும் வேகம். 100 நானோமீட்டர் குமிழ் கீழே படிவதில்லை, அலைந்துதான் வர வேண்டும். 4 டிகிரியில் அசையாமல் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அது நகரும் சராசரித் தூரம் சுமார் 0.13 மில்லிமீட்டர். 24 வெல் பிளேட்டில் அரை மில்லிலிட்டர் ஊற்றினால் மீடியத்தின் உயரம் சுமார் 2.6 மில்லிமீட்டர். போட்டதில் 20-இல் ஒரு பங்குகூடச் செல்லைப் பார்ப்பது கடினம். மெதுவாக ஆட்டும் ராக்கரில் வையுங்கள். எல்லா வெல்லிலும் மீடியத்தின் உயரம் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒப்பிடுவது ஒட்டும் தன்மையை அல்ல, உயரத்தை.

செல் இல்லாத வெல் ஒன்று கட்டாயம். பிளாஸ்டிக்கிலும் குமிழ் ஒட்டும். செல் பற்றிக்கொள்ள நேர்மின் கொண்ட பாலிலைசின் பூசியிருந்தால் எதிர்மின் குமிழ்கள் விட்டுப்போகவே மாட்டா. செல்களைப் புரதம் வெட்டும் நொதியான டிரிப்சினால் எடுத்து எண்ணுவதும் வேண்டாம். மேற்பரப்புப் புரதங்களோடு அவற்றில் ஒட்டிய குமிழ்களையும் அது அறுத்துவிடும். வெல்லிலேயே உடைத்து அளவிடுங்கள்.

கொழுப்பின் அளவை எடை போட்ட கணக்கில் எழுதாதீர்கள். ஃபில்டரில் கொஞ்சம் போயிருக்கும். கொழுப்பிலுள்ள பாஸ்பேட்டை அளக்கும் பார்ட்லெட் சோதனை செய்வதானால் பஃபர் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஆக இருக்கக் கூடாது, அதிலேயே பாஸ்பேட் இருக்கிறதே.

டாட்டாப் போன்ற நேர்மின் கொழுப்பு, மேற்பரப்பில் எதிர்மின் கொண்ட சியாலிக் அமிலமும் ஹெப்பரான் சல்பேட்டும் உள்ள எந்தச் செல்லிலும் ஒட்டும். அதை "இலக்கு நோக்கிய ஒட்டுதல்" என்று சொல்லக் கூடாது. சீரம் சேர்த்ததும் புரதம் போர்த்தி அந்த ஒட்டுதலும் மாறிவிடும். செல்லின் ஃபோலேட் ஏற்பியைக் குறிவைத்து ஃபோலேட் கோத்த குமிழ் என்றால் மீடியத்தின் லேபிளைப் படியுங்கள். ஆர்பிஎம்ஐ 1640 என்ற மீடியத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது, டிஎம்இஎம்மில் 4. ஏற்பிகளை அது நிரப்பிவிட்டால் குமிழுக்கு இடமில்லை. ஃபோலேட் இல்லாத மீடியத்தில் செல்களை வளர்த்துவிட்டு, ஒரு வெல்லில் மட்டும் 1 மில்லிமோலார் ஃபோலிக் அமிலம் சேருங்கள். ஒட்டுதல் அந்த வெல்லில் மட்டும் குறைய வேண்டும்.