கைப்பிடிக் களிமண்ணில் பாறையின் வயது: தொடங்குவோருக்கான செய்முறை

சென்னையில் இருந்துகொண்டு, களிமண்ணில் கிடைக்கும் நுண்ணிய புதைபடிவங்களை வைத்துப் பாறையின் வயதைக் கணிக்கப் பழக நினைப்பவர்கள் பல்லாவரம் மலைக் கல்லை உடைத்துப் பயனில்லை. அது சார்னோகைட், பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் உருவானது, புதைபடிவம் இருக்காது. எழும்பூரில் ரயிலேறி அரியலூர் போங்கள். அந்தப் பக்கம் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) காலக் கடலடிப் படிவுகள் வெளியே தெரிகின்றன. காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் தொடக்கத்துக்கு நல்லது. நாம் தேடுவது ஃபோரமினிஃபெரா: ஒற்றைச் செல் உயிரி, பெரும்பாலும் சுண்ணாம்பு ஓடு, பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது.

1. இடத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வெயில் மழையில் நைந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு உள்ளிருந்து எடுங்கள். அடியிலிருந்து மேலாக, அடுக்குக்கு ஒரு பை. பையில் எண் எழுதாவிட்டால் அது வெறும் மண்தான்.

2. நன்றாகக் காயவைத்து, பட்டாணி அளவுக்கு உடைத்து, சலவை சோடா கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஊறவைக்கும் முன் மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் களி சரியாகக் கரையாது.

3. 63 மைக்ரான் சல்லடையில் கொட்டி, தெளிந்த நீர் இறங்கும்வரை குழாயடியில் மெதுவாக அலசுங்கள். அடுத்த மாதிரிக்கு முன் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுங்கள். கண்ணியில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும். பிறகு எங்கே வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

4. உலர்ந்ததைக் கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழ் ஈரமான மெல்லிய தூரிகையால் பொறுக்குங்கள். ஓட்டின் ஓரத்தைப் பாருங்கள். வரப்பு போன்ற மேடு ஒன்றே ஓடினால் ரோட்டாலிபோரா என்ற ஃபோரமினிஃபெரா வகையாக இருக்கலாம். அருகருகே இரண்டு என்றால் குளோபோட்ரங்கானா என்ற இன்னொரு வகையாக இருக்கலாம். படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

5. இனி வயது. ரோட்டாலிபோரா சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. குளோபோட்ரங்கானா அதற்குப் பிறகு தோன்றி, டைனோசர்களோடு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் போனது. (ஓடுகள் வரிசையைத்தான் சொல்லும், ஆண்டுக் கணக்கு எரிமலைச் சாம்பல் போன்றவற்றின் கதிரியக்க அளவீட்டிலிருந்து வந்தது.)

சரி, இரண்டும் ஒரே பையில் கிடைத்தால்? பழைய அடுக்கு அரிக்கப்பட்டு அதன் ஓடுகள் புதிய படிவில் வந்து சேர்ந்திருக்கும். தேய்ந்தும் நிறம் மாறியும் கிடக்கும் ஓட்டைச் சந்தேகப்படுங்கள். இளைய ஓடு சொல்வதே படிவின் வயது. எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது மேலே வரும் பாறைத் துகள் என்றால் சிக்கல் தலைகீழ்: மேலடுக்கு உதிர்ந்து கீழே கலந்துவிடும். அதனால் துளை இறங்கும்போது ஓர் இனம் முதன்முதலாகத் தென்படும் ஆழத்தையே அங்கே அதிகம் நம்புவார்கள்.

குளோபோட்ரங்கானா கிடைக்கவில்லை என்பதற்காக, படிவு 6.6 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தையது என்று எழுதிவிடாதீர்கள். அது திறந்த கடலில் மிதந்து வாழ்ந்தது. கரையோரப் படிவில் அரிது. அப்புறம், அதே அடுக்கில் பத்தடி தள்ளி இன்னொரு பை எடுத்துக் கழுவிப் பாருங்கள்.