உரை முடிந்ததும் கேள்விக்கு நேரம் இருக்க வேண்டுமென்றால்

பெங்களூரில் தமிழ் உரையும் கலந்துரையாடலும் நடத்த அரங்குக்குப் பஞ்சமில்லை. அல்சூரில் தமிழ்ச் சங்கம், பசவனகுடியில் 1945இல் தொடங்கிய இண்டியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர், தொம்மலூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் எனப் பல உண்டு. கிடைக்காதது கேள்வி நேரம்தான்.

தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். பேச்சாளர் தன் உரையைச் சுருக்க மாட்டார்; கேள்வி நேரம்தான் அடிபடும். எனவே அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே 90 நிமிடத்தைப் பிரித்துவிடுங்கள்: அறிமுகம் 5, உரை 40, கேள்விகள் 35, நன்றி 5. மிச்சமுள்ள 5 தாமதத்துக்கு. பொன்னாடை ஒன்று போதும், அதுவும் நன்றியுரையோடு. அழைப்பிதழில் பெயர் போட்டபின் 'நீங்கள் பேச வேண்டாம்' என்று யாரிடமும் சொல்ல முடியாது.

வார நாளில் மாலை 6.30க்கு வைத்தால் நகரின் கிழக்குக் கோடியான ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவர் பாதி உரையில்தான் உள்ளே நுழைவார். ஞாயிறு காலை 10.30 நல்லது. இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டு வராதவர்கள் நிறைய. 80 பேர் பதிந்திருந்தால் 50 நாற்காலி போட்டு, மிச்சத்தைப் பின்னால் அடுக்கி வையுங்கள். காலி முன்வரிசையைப் பார்த்துப் பேசுவது யாருக்கும் உற்சாகம் தராது.

திரையில் படங்கள் காட்டிப் பேசுபவரிடம் கணினிக் கோப்பை முந்தைய நாளே வாங்கி, அரங்கின் கணினியிலேயே திறந்து பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவர் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொன்னால் சிக்கல் தீரும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; படத்தின் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்திலும் போடச் சொல்லுங்கள்.

இசை விளக்கவுரை என்றால் ஏசியை ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் குளிர்ந்தால் வீணையின் தந்தியும் மிருதங்கத் தோலும் சுருதி விலகி, உரை நடுவே மறுபடி சேர்க்க வேண்டிவரும். ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால், பார்வையாளரை நோக்கியே இருக்கட்டும். மைக்குக்குப் பின்னால் இருந்தால் அதன் ஒலி மைக்கிலேயே திரும்பப் புகுந்து ஊளையிடும். முற்றத்தில் நடத்துவதானால் ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும்.

இனி கேள்வி நேரம். நெறியாளர் என்று ஒருவர் தனியாக வேண்டும். அமைப்புச் செயலாளர் வேண்டாம், அவருக்கு எல்லோரும் வேண்டியவர்கள், யாரையும் நிறுத்த மாட்டார். நுழையும்போதே துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். உரையின் 30ஆம் நிமிடத்தில் சீட்டுகளைச் சேகரித்தால், ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்க நெறியாளருக்கு 10 நிமிடம் கிடைக்கும். முதல் இரண்டு கேள்விகள் சீட்டிலிருந்தே வரட்டும். முதலில் கை தூக்குபவர் பெரும்பாலும் கேள்வி கேட்க வந்தவராக இருக்க மாட்டார். தன் உரையைத் தயாரித்துக்கொண்டு வந்தவராக இருப்பார்.

அவருக்கும் வழி இருக்கிறது. கூட்டத்துக்குள் போகும் மைக்கைத் தன்னார்வலர் கையிலேயே பிடித்திருக்க வேண்டும், கொடுத்துவிடக் கூடாது. ஒரு நிமிடம் தாண்டினால் நெறியாளர் 'உங்கள் கேள்வி இதுதானே' என்று ஒரே வரியில் சொல்லிப் பேச்சாளர் பக்கம் திரும்பட்டும். தன்னார்வலர் அடுத்தவரிடம் நகர்ந்துவிடலாம். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கேள்விகளையும் ஏற்றுக்கொண்டு, தமிழில் ஒருமுறை சொன்ன பிறகே பதிலுக்கு விடுங்கள். மைக் எட்டாமல் கேட்ட கேள்வியும் அப்போதுதான் ஒலிப்பதிவில் விழும்.

சிற்றுண்டியைக் கதவருகே முன்கூட்டியே பரப்ப வேண்டாம். ஃபில்டர் காபி வாசனை வந்தபின் எந்த நெறியாளராலும் கூட்டத்தைப் பிடித்து வைக்க முடியாது. நன்றியுரை தொடங்கும்போது டிகாக்ஷனில் பால் ஊற்றினால் சரியாக இருக்கும். நேரமில்லாமல் விட்டுப்போன சீட்டுகளைப் பேச்சாளரிடம் கொடுத்துவிடுங்கள். காபி குடித்தபடியே பதில் சொல்லிவிடுவார்.