ஸ்பேசர் போட்டதும் வந்த நடுக்கம்: என் அனுபவம்

ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது அலாய் வீல் வாங்கி, 20 மி.மீ. போல்ட்-ஆன் ஸ்பேசரோடு மாட்டினேன். ஹப்புக்கும் (வீல் உட்காரும் சுழலும் பகுதி) வீலுக்கும் நடுவில் வரும் தட்டுதான் ஸ்பேசர்; அதைக் காரின் ஸ்டட்களில் (மரை போட்ட கம்பிகள்) உள் நட்டுகளால் முடுக்கி, ஸ்பேசரின் சொந்த ஸ்டட்களில் வீலை மாட்ட வேண்டும். 80 கி.மீ. வேகம் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் இரண்டு முறை, அலைன்மென்ட் ஒரு முறை, அப்புறம் ஹப் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சென்டர் போர் (வீலின் நடு ஓட்டை) அளவு ஹப்போடு பொருந்துகிறதா என்றும் பார்த்தேன். எல்லாம் சரி, நடுக்கம் மட்டும் போகவில்லை. நான்கு நாள் வீண்.

கடைசியில் வீலைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான், நட்டு ஓட்டைகளுக்கு இடையில் பளபளவென்று இரண்டு சின்னப் புள்ளிகள் கண்ணில் பட்டன. காரின் பழைய ஸ்டட்கள் ஸ்பேசரைத் தாண்டி 3 மி.மீ. நீட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. கம்பெனி வீலில் அந்த இடத்தில் குழி இருக்கும், புது வீலில் தட்டை. சரியான இறுக்கம் வந்ததைச் சொல்லும் டார்க் ரெஞ்ச் என்னவோ ஒழுங்காக 'கிளிக்' என்றது, ஆனால் வீல் உட்கார்ந்தது ஸ்பேசர் மேல் அல்ல, ஸ்டட் நுனியில்!

நுனிகளில் சாக்பீஸ் தடவி மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஸ்டட்களில் 4 மி.மீ. வெட்டி, முனையை அரம் போட்டேன். உள் நட்டுக்கு மரை முழுசாகவே மிச்சம் இருந்தது, அது இல்லாவிட்டால் வெட்டக்கூடாது, தடித்த ஸ்பேசர்தான் வழி. 100 கி.மீ. ஓட்டியபின் வீலைக் கழற்றி உள் நட்டுகளையும் மறுபடி முடுக்கினேன். இப்போது 110-இலும் நடுக்கம் இல்லை.