பெரிய அதிகாரி மீது புகார் கொடுக்கப் போகிறீர்களா?

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தைத்த நோட்டாக இருக்கட்டும், பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். கம்பிச்சுருள் நோட்டு வேண்டாம். நடுவில் தாளைச் செருகிவிட்டார் என்பார்கள்.

இதெல்லாம் நான் தோற்றுப்போய்க் கற்றது. வராத சரக்கு வந்ததாக ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார் எங்கள் மேலதிகாரி. சொன்னது வாயால்தான். போட்டவர் ஸ்டோர் கிளார்க். ஆடிட்டில் மாட்டி சஸ்பெண்ட் ஆனதும் அவரேதான். பக்கத்து மேசையில் இருந்த நான் சாட்சி சொல்லப் போனேன். "என்றைக்குச் சொன்னார்?" என்று கேட்டார்கள். "மழைக்காலம் சார்" என்றேன். அதோடு முடிந்தது. அதிகாரி பதவி உயர்வில் போய்விட்டார்.

ஆகவே வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்: "காலையில் தாங்கள் சொன்னபடி இந்த ரசீதில் கையெழுத்திடலாமா?" பதில் வராது. பரவாயில்லை, கேட்ட தேதி நிற்கும். நோட்டில், கண்ணால் பார்த்ததைத் தனியாகவும் பிறர் சொன்னதைத் தனியாகவும் எழுதுங்கள். வசவு வேண்டாம். (எனக்கு இது கடைசிவரை கைவரவில்லை.)

இப்படி எழுதி வைத்து என்ன ஆகும் என்பீர்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர் ஹிசேன் ஹாப்ரே. அவருடைய சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்த சுலைமான் கெங்கெங், தன்னைப் போன்றவர்களைத் தேடிப்போய் நூற்றுக்கணக்கான வாக்குமூலங்களைச் சேர்த்தார். ஆபத்து வந்ததும் ஒளித்து வைத்தார். அந்த வாக்குமூலங்களும் உதவ, ஹாப்ரே தப்பிப்போயிருந்த செனகல் நாட்டில் 2016-இல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பதவி இழந்து 26 வருடம் கழித்து!

அடுத்து, புகாரில் கீழே இருப்பவரோடு நிற்காதீர்கள். போபால் விஷவாயுக் கசிவு 1984-இல் நடந்தது. 2010-இல் இங்கிருந்த அதிகாரிகளுக்கு இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது. தாய் நிறுவனத்தின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் விசாரணைக்கே வராமல் 2014-இல் இறந்தார். யார் கையெழுத்துப் போட்டார், யார் போடச் சொன்னார், யாருக்கு லாபம்: மூன்றையும் எழுதுங்கள்.

புகாரைக் கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். விசாரணைக் குழுவை யார் நியமித்தார், அறிக்கை எப்போது வரும், நகல் உங்களுக்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவர் குழுவில் இருந்தால் முதல் கூட்டத்துக்கு முன்பே ஆட்சேபியுங்கள். முடிவு வந்தபின் சொன்னால் அழுகுணி ஆட்டம் என்பார்கள்.

அப்புறம், வாயிற்காவலர், டிரைவர், தட்டச்சர் எல்லோரிடமும் பேசுங்கள். எங்கள் வழக்கில், சரக்கு தருவதாகச் சொன்னவர் அந்த வாரம் இரண்டு முறை அதிகாரியைப் பார்க்க வந்தது வாயிற்பதிவேட்டில் நேரத்தோடு இருந்ததாம். நான் ஓய்வுபெற்ற அன்று காவலரே சொன்னார். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றேன்.

"யாரும் கேட்கவில்லையே சார்."