கல்லிலும் கட்டையிலும் அனுபியாஸ் வளர்ப்பது எப்படி?

மீன் தொட்டியில் செடி வைக்க ஆசை. ஆனால் தனி மண், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்று செலவு செய்ய மனமில்லையா? அனுபியாஸ் நானாவில் தொடங்குங்கள். கேமரூன் பக்கம் நிழலான ஓடைகளில் பாறையையும் மரத்தையும் பற்றி வளரும் செடி இது. சாதாரண எல்.இ.டி. விளக்கு போதும்.

கடையில் இலையின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். இலைக்கும் வேருக்கும் நடுவே இஞ்சித் துண்டு மாதிரி படுத்திருக்கும் தண்டுதான் ரைசோம். அதை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வாங்கலாம். கொழகொழவென்று நாறினால் அழுகல், விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வேரைச் சுற்றியுள்ள பஞ்சை முழுக்க எடுத்துவிட்டு, நீள வேர்களை 2-3 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள்.

சொரசொரப்பான லாவா கல் (எரிமலைக் கல்) என்றால் வேர் சுலபமாகப் பிடிக்கும். கட்டை என்றால் முதலில் வேகவைத்து, மூழ்கும்வரை ஊறப்போடுங்கள். தண்ணீர் பழுப்பாகும், பயப்பட ஒன்றுமில்லை.

இனி ஒட்டுவது. கல்லையும் வேரையும் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். சயனோஅக்ரிலேட் ஜெல் பசையை (சூப்பர் க்ளூ வகை) இரண்டு சொட்டு வைத்து வேர்ப்பக்கமாக அழுத்திப் பிடியுங்கள். காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும்; போகப் போக மறைந்துவிடும். பசை பிடிக்காதவர்கள் தூண்டில் நரம்பால் தளர்வாகக் கட்டலாம். பருத்தி நூல் எனக்கு உடன்பாடில்லை: வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், நூல் அதற்குள் மக்கிவிடும். எதுவானாலும் ரைசோமை மணலில் மட்டும் புதைக்காதீர்கள். புதைத்தால் அழுகும்.

அப்புறம் பொறுமை. ஒரு புது இலை வரவே மூன்று, நான்கு வாரம் ஆகலாம். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் ஒவ்வொரு இலையும் நெடுநாள் இருக்கும். பாசிக்கு அதுதான் கொண்டாட்டம். விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். நேர் கீழே வைக்காமல், பெரிய செடியின் நிழலிலோ கட்டைக்கு அடியிலோ வையுங்கள். இலையில் கரும்பாசி ஒட்டிவிட்டால் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த இலையை அடியோடு வெட்டுவதே மேல். தண்ணீர் 22 முதல் 28 டிகிரி வரை இருக்கட்டும். மீன் ஓரளவு இருக்கும் தொட்டியில் உரம் பெரும்பாலும் தேவைப்படாது.

ரைசோம் நீண்டதும் கூர்மையான பிளேடால் வெட்டிப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலையாவது இருக்க வேண்டும். புதுத் துண்டை வேறொரு கல்லில் ஒட்டுங்கள். தாய்ச்செடியில் வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கிளை முளைக்கும்.